அந்த 53 நிமிடங்களை நம் மாடியில் அளக்கலாம்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டப் பொறியியல் கல்லூரிகளின் மின்னணு – தொடர்பியல் துறைத் தலைவர்களுக்கும், நுண்ணலையில் ஆய்வு செய்யும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஓராண்டுக்கு 5,25,600 நிமிடங்கள். ஒரு நுண்ணலை இணைப்பு (கம்பியில்லாமல் உயர் அலைவரிசையில் செய்தி கடத்தும் இணைப்பு) ஆண்டில் 99.99 சதவீத நேரம் வேலை செய்யும் என்று எழுதிக் கொடுத்தால், அது படுத்துக்கொள்ள மிச்சமிருப்பது 53 நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. அந்த 53 நிமிடம் எப்போது வரும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆவணி, புரட்டாசி மாலைகளில் மேற்கே கருத்து, புழுதி கிளம்பி, இடியோடு மழை கொட்டும்போது டிவி படம் கட்டம் கட்டமாகச் சிதறி உறைந்து நிற்கும். கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குப் போகும் 15, 18, 21 கிகாஹெர்ட்ஸ் இணைப்புகள் திணறுவதும் அப்போதுதான்.

மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகளில் அந்த நிமிடங்களுக்கான மழை வேகம் பெரும்பாலும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.837 பரிந்துரை வரைபடத்திலிருந்து வருகிறது. அதை, மழையில் அலை எவ்வளவு இழக்கும் என்று சொல்லும் பி.838-இன் சூத்திரத்தில் போட்டு, கிலோமீட்டருக்கு இத்தனை டெசிபெல் இழப்பு (10 டெசிபெல் என்றால் திறன் பத்தில் ஒன்றாகும்) என்று வரைபடம் போட்டு, பைண்டிங் செய்து விடுகிறோம். பி.837 வரைபடத்தைக் குறை சொல்ல வரவில்லை. உலகம் முழுவதற்கும் ஒரு கணக்கு வேண்டும், அது இருக்கிறது. ஆனால் அது உலகைப் பெரிய கட்டங்களாகப் பார்க்கிறது. ஏலகிரியின் உச்சியும் கீழே ஜோலார்பேட்டையும் அதற்கு ஏறக்குறைய ஒரே இடம். இங்கே மலை ஏறி இறங்கியவர் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு கல்லூரி மாடியிலும் ஒரு டிடிஎச் டிஷ்ஷும் ஒரு மழைமானியும் வையுங்கள். இரண்டையும் ஒரே கடிகாரத்தில், பருவம் தவறாமல், பேட்ச் மாறினாலும் நிற்காமல் பதிவு செய்யுங்கள். பதிவை ஒருவருக்கொருவர் பகிருங்கள்.

இதைச் செய்யப் புதிய ஆய்வகம் கட்டத் தேவையில்லை. ஆனால் இருக்கிற ஆய்வகத்தில் ஒரு பழக்கத்தை முதலில் மாற்ற வேண்டும். மாணவர்கள் நுண்ணலையை அளந்து பழகும் எக்ஸ்-பேண்ட் பெஞ்சைப் பாருங்கள். 22.86 × 10.16 மில்லிமீட்டர் வேவ்கைடு (அலையைக் கடத்தும் உலோகக் குழாய்), 9.4 கிகாஹெர்ட்ஸ், குழாய்க்குள் அலைநீளம் 44.5 மில்லிமீட்டர். புரோப் என்ற உணர்கம்பியை நகர்த்தி அளக்கும் பிளவுள்ள குழாயான ஸ்லாட்டட் லைனில் ஒரு தாழ்விலிருந்து அடுத்த தாழ்வுக்கு 22.25 மில்லிமீட்டர். இதுவரை எல்லா ரெக்கார்டு நோட்டிலும் சரியாக இருக்கும். தவறு தொடங்குவது அலையின் திறனை மின்னழுத்தமாக மாற்றும் டிடெக்டரில், அதாவது கிரிஸ்டலில். நிலையலை விகிதம் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் முகப்பில் அச்சிட்ட அளவுகோல், கிரிஸ்டல் தன் மேல் விழும் திறனுக்கு நேர்விகிதத்தில் மின்னழுத்தம் தரும் என்று நம்பி அச்சிட்டது. திறன் குறைவாக இருக்கும்வரைதான் அந்த நம்பிக்கை செல்லும். திறன் ஏறினால் கிரிஸ்டல் அந்த விதியை விட்டு நழுவும். சோதிக்க ஒரு நிமிடம் போதும்: சிக்னலைக் குறைக்கும் துல்லிய அட்டெனுவேட்டரில் 3 டெசிபெல் கூட்டுங்கள். மீட்டரும் 3 இறங்க வேண்டும். இரண்டுதான் இறங்குகிறது என்றால் அன்றைக்கு எடுத்த எல்லா எண்ணும் பொய். புரோபை ஆழமாக இறக்கினால் முள் நன்றாக ஆடும் என்று இறக்குவார்கள். புரோப் ஆழமானால் அது அளக்க வந்த அலையையே கலைத்து, தாழ்வின் இடத்தை நகர்த்திவிடும். முடிந்தவரை மேலே இழுத்து, மீட்டரின் பெருக்கத்தைக் கூட்டிப் படிப்பதே முறை. நுண்ணலையை உண்டாக்கும் குழலான ரிஃப்ளெக்ஸ் கிளைஸ்ட்ரானுக்கு ரிப்பெல்லர் அழுத்தத்தை முதலில் கொடு என்று சுவரில் எழுதி ஒட்டிய கல்லூரிகள் உண்டு. இந்த 3 டெசிபெல் சோதனையையும் பக்கத்திலேயே ஒட்டினால் நல்லது.

கருவி காட்டும் எண்ணுக்கும் உண்மைத் திறனுக்கும் நடுவே ஒரு விதி நிற்கிறது, அந்த விதியைச் சோதிக்காமல் எண்ணை நம்பக்கூடாது என்பதை இங்கே கற்ற மாணவரைத்தான் மாடிக்கு அனுப்ப வேண்டும். மாடியில் இதே பொறி இன்னும் பெரிதாகக் காத்திருக்கிறது.

தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வருவது கிழக்கு 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. வேலூரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலமாக 131 பாகையில், தரையிலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில் இருக்கிறது. வீடுகளில் பொருத்துவது சிக்னலைச் சாய்வாக வாங்கிக் குவிக்கும் ஆஃப்செட் டிஷ் என்பதால் அதன் முகம் 67 பாகையைப் பார்ப்பதுபோல் தெரியாது. இருபது சொச்சம் பாகை தாழ்ந்து பார்ப்பதாகத் தோன்றும். அதைக் கண்டு பயந்து நிமிர்த்திவிட வேண்டாம். வெப்ப மண்டலத்தில் மழை பனியிலிருந்து நீராக மாறும் மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரம். அதனால் சாய்வுப் பாதையில் மழைக்குள் அலை பயணிப்பது 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், தரையில் அதன் நிழல் 2 கிலோமீட்டர்தான். ஒரு இடிமழைத் திரள் மொத்தமாக மூடிவிடக்கூடிய நீளம். 11 கிகாஹெர்ட்ஸில் மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்தால் கிலோமீட்டருக்கு 1.6-இலிருந்து 2 டெசிபெல் வரை போகும். துளிகள் விழும்போது தட்டையாகி அகலமாவதால், மின்புலம் கிடையாக அசையும் கிடைத்தள அலைக்கு இழப்பு கூடுதல், செங்குத்து அலைக்குக் குறைவு. பாதை முழுவதும் அதே வேகம் என்று வைத்தால் 8 முதல் 10 டெசிபெல். உண்மையில் பாதை முழுவதும் அப்படி இருக்காது. எவ்வளவு தூரம் இருக்கும் என்பதுதான் அளக்க வேண்டிய விஷயம்.

செட்டாப் பாக்ஸ் காட்டும் தரச் சதவீதத்தைப் பதிவு செய்யலாமே என்று கேட்பார்கள். அங்கேதான் பொறி. மழை இரண்டு வேலை செய்கிறது. சிக்னலைக் குறைக்கிறது. கூடவே, மழையே ஒரு சூடான பொருள் என்பதால் குளிர்ந்த வானத்தை மறைத்து இரைச்சலைக் கூட்டுகிறது. தெளிந்த வானத்தில் மொத்த இரைச்சல் வெப்பநிலை (இரைச்சலின் அளவை வெப்பநிலையாகச் சொல்வது) 100 கெல்வின், சிக்னல் இரைச்சலைவிட 12 டெசிபெல் மேலே என்று எடுத்துக்கொள்ளுங்கள். மழையால் உண்மையில் 10 டெசிபெல் மெலிவு. சிக்னல் பத்தில் ஒன்றாகிறது, இரைச்சலோ மூன்றரை மடங்காகிறது. பட்டையில் உள்ள மொத்தத் திறனை மட்டும் படிப்பவருக்கு இறக்கம் சுமார் 5.2 டெசிபெல்தான் தெரியும். சிக்னல் – இரைச்சல் விகிதத்தைப் படிப்பவருக்கு 15 டெசிபெல்லுக்கு மேல் தெரியும். பாதியென்று ஒருவர், ஒன்றரை மடங்கென்று மற்றவர். இருவரும் கட்டுரை எழுதுவார்கள். செட்டாப் பாக்ஸ் இந்த இடம் வருவதற்கு வெகு முன்பே சிக்னலின் மேலுள்ள பிடியை விட்டு நீலத் திரையைக் காட்டியிருக்கும். அதாவது நமக்குத் தேவையான 53 நிமிடத்தில் அது பேசவே பேசாது.

ஆகவே இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்: செயற்கைக்கோளின் ஒரு டிரான்ஸ்பாண்டர் அனுப்பும் அலைப்பட்டையின் நடுவில் ஒரு அளவு, பக்கத்து அலைவரிசையில் சிக்னல் இல்லாத வெற்றிடத்தில் ஒரு அளவு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சிக்னல் மட்டும் நிற்கும். கழிப்பது திறனில், டெசிபெல்லில் அல்ல. இந்தப் பிழையை ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் செய்வார்.

இதற்கான பொருள்கள் அதிகமில்லை. 60 அல்லது 75 சென்டிமீட்டர் டிஷ், எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பெருக்கி, கீழ் அலைவரிசைக்கு மாற்றித் தருவது), ஆர்ஜி-6 கேபிள், ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சிறு அலைவாங்கி), ஒரு ராஸ்பெரி பை (கையடக்கக் கணினிப் பலகை). எல்.என்.பி.யின் 9.75 கிகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரோடு கலந்து 11.1 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் 1350 மெகாஹெர்ட்ஸாகக் கீழே வரும். டாங்கிளின் எல்லைக்குள் அடங்கும். எல்.என்.பி.க்கு 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து, 18 கொடுத்தால் கிடைத்தளம். இந்த மின்சாரம் அதே கேபிளில் மேலே போவதால், டாங்கிளுக்கு முன்னால் அதைத் தடுக்கும் டிசி பிளாக் இல்லாவிட்டால் முதல் நாளே டாங்கிள் போய்ச் சேரும். எல்.என்.பி. 50 டெசிபெல்லுக்கு மேல் பெருக்கித் தருகிறது. நடுவில் 10 அல்லது 20 டெசிபெல் அட்டெனுவேட்டர் போடாவிட்டால் டாங்கிள் திணறி, தெளிந்த வானத்திலேயே தட்டையான எண் தரும், முதல் சில டெசிபெல் மழை காணாமலே போகும். தானியங்கிப் பெருக்கத்தை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் மழை குறைத்ததை மென்பொருள் கூட்டிக் கொடுத்துவிடும். டாங்கிளை மாடியில் வைக்காதீர்கள். 1.5 கிகாஹெர்ட்ஸை நெருங்கும்போது சூடான டாங்கிள் அலைவரிசைப் பூட்டை இழக்கும். சித்திரை வெயிலில் வேலூர் மாடியின் தகரப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? கேபிளைக் கீழே கொண்டுவந்து அறைக்குள் வையுங்கள். எல்.என்.பி. மேலேதான் இருந்தாக வேண்டும். அதன் பெருக்கம் பகலும் இரவும் மாறும், எனவே அதன் உடலில் ஒரு வெப்ப உணரியை ஒட்டி அந்த எண்ணையும் பதியுங்கள். மழை மாலையில் வெப்பநிலை சட்டென்று இறங்கும். அதனால் வரும் மாற்றத்தை மழையின் கணக்கில் எழுதக்கூடாது.

இன்னொரு கள்ளக் கணக்கு, எல்.என்.பி. மூடியில் ஒட்டும் நீர்ப்படலம். மழை நின்ற பிறகும் கால் மணி நேரம் சிக்னல் தாழ்ந்தே இருந்தால் அது வானத்தின் வேலை அல்ல. இதை அளக்க வழி எளிது. வெயில் நாளில் செடிக்கு மருந்து அடிக்கும் கைத்தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி, முதலில் டிஷ்ஷின் முகத்தில் மட்டும், பிறகு மூடியில் மட்டும், பிறகு இரண்டிலும் தெளித்து, எத்தனை டெசிபெல் இறங்குகிறது, காய எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதிவையுங்கள். மூடி பழசாகி, வெயிலில் வெளிறிச் சொரசொரப்பானால் நீர் முத்தாக உருளாமல் படலமாக ஒட்டும். ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

மழைமானிக்கு வருவோம். நாள் மொத்தம் நமக்கு உதவாது, மணி மொத்தமும் உதவாது. கார்த்திகை அடைமழை ஒருநாள் முழுக்கச் சிணுங்கி 60 மில்லிமீட்டர் தந்தால் நுண்ணலைக்கு ஒன்றும் ஆகாது. ஆவணியில் இருபது நிமிடத்தில் வரும் 30 மில்லிமீட்டர் இணைப்பைச் சாய்த்துவிடும். தேவை, நிமிடக் கணக்கு. வாளி கவிழும் வகை மழைமானியில் ஒரு கவிழ்ப்பு 0.2 மில்லிமீட்டர் என்றால், நிமிடத்துக்கு ஒரு கவிழ்ப்பு மணிக்கு 12 மில்லிமீட்டர் ஆகும். நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணினால் எண்கள் 12, 24, 36 என்று படிக்கட்டாகத்தான் ஏறும். அதற்குப் பதில் ஒவ்வொரு கவிழ்ப்பின் நேரத்தையும் நொடியோடு பதியுங்கள். இரு கவிழ்ப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்திலிருந்து வேகம் படிக்கட்டு இல்லாமல் கிடைக்கும். வாளி கவிழும் அந்த அரை நொடியில் வரும் நீர் கணக்கில் வராது. ஆகவே கனமழையில் மானி குறைத்தே சொல்லும், அதாவது நமக்குத் தேவையான நேரத்தில் குறைத்துச் சொல்லும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனலுக்கு 628 மில்லி நீர் 100 கவிழ்ப்பு தர வேண்டும். அதைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் ஊற்றி ஒருமுறை, 12 நிமிடத்தில் ஊற்றி ஒருமுறை எண்ணுங்கள். இரண்டாவது மணிக்கு 100 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். எத்தனை கவிழ்ப்பு குறைகிறதோ அதுதான் உங்கள் மானியின் திருத்தம். கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி போன்றவற்றிலிருந்து அவற்றின் உயரத்தைப்போல் இருமடங்கு தள்ளி வையுங்கள். காக்கை உட்காராமல் விளிம்பில் கம்பி முள் வைப்பதும் நல்லது. குரங்குக்கு எங்களிடம் மருந்து இல்லை.

இனி எல்லாவற்றையும் விட முக்கியமானது. மழை வந்தால் நம் ஊரில் முதலில் போவது கரண்ட், அடுத்தது இன்டர்நெட். மற்றெல்லா நிமிடமும் அழகாகப் பதிவாகி, அந்த 53 நிமிடம் மட்டும் ஓட்டையாக இருக்கும் பதிவை எத்தனை பார்க்கிறோம்! எல்.என்.பி.யும் ராஸ்பெரி பையும் டாங்கிளும் சேர்ந்து 8 வாட்டுக்குள் அடங்கும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கிறோம் என்றாலும் 5 மணி நேரம் ஓடும். முந்தைய ராஸ்பெரி பை பலகைகளில் கடிகார பேட்டரி இல்லை. கரண்ட் போய் வந்து, நெட்டும் இல்லாதபோது அது பழைய நேரத்தோடு எழுந்து, மழையைத் தப்பான நேரத்தில் எழுதிவைக்கும். டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்று வைத்தால் தீர்ந்தது. டிஷ்ஷையும், மின்னல் பாய்ச்சலிலிருந்து கருவியைக் காக்கும் கேபிளின் சர்ஜ் அரெஸ்டரையும் கட்டடத்தின் எர்த்தோடு சேர்த்துக் கட்டுங்கள். பாறைமேல் கட்டிய வளாகங்களில் எர்த் குழியின் மின்தடையை அளந்து பார்த்துவிட்டு நம்புங்கள். இடி இடிக்கும்போது யாரையும் மாடிக்கு அனுப்பாதீர்கள்.

இதில் எதையும் நாம் ஒலிபரப்பவில்லை, வானத்திலிருந்து வருவதைக் கேட்கிறோம், அவ்வளவுதான். அலைவரிசை அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை. தரைவழி இணைப்பையும் சேர்க்க நினைப்பவர்களுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் உரிம விலக்குப் பட்டை இருக்கிறது. ஒப்புதல் பெற்ற கருவியை, அனுமதித்த உமிழ்திறனுக்குள் வைத்துக்கொண்டால் போதும். அங்கே மழை பெரிய எதிரி அல்ல, தண்ணீர்ப் பரப்புதான் எதிரி. காவேரிப்பாக்கம் ஏரியைக் குறுக்கிடும் 10 கிலோமீட்டர் இணைப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் ஆன்டெனா நீர்மட்டத்திலிருந்து 30 மீட்டர். நேரே வரும் அலைக்கும் நீரில் பட்டுத் திரும்பும் அலைக்கும் தூர வேறுபாடு 18 சென்டிமீட்டர், அதாவது மூன்றரை அலைநீளம். திரும்பும்போது அலை தலைகீழாவதால் இரண்டும் கைகோத்து வலுவாக வரும். ஏரி 2 மீட்டர் வற்றினால் இருபுற உயரமும் 32 ஆகி, வேறுபாடு 20.5 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய நான்கு அலைநீளம். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். பூமியின் வளைவைச் சேர்த்தால் எண்கள் சற்று நகரும், ஆனால் நடப்பது இதுதான். கருவியை யாரும் தொடாமலே மாசியில் நன்றாக இருந்த இணைப்பு வைகாசியில் படுப்பதற்கு இப்படியும் காரணம் உண்டு. வெயிலில் கருவி பழுதாகிவிட்டது என்று மாற்றிவிட்டு வருவார்கள்.

துறைத் தலைவர்களால் மட்டுமே தீர்க்கக்கூடிய சிக்கல் ஒன்று இருக்கிறது. எட்டாம் செமஸ்டர் புராஜெக்ட் ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. வேலூரில் மழையே இல்லாத மாதங்கள் அவை. மழை மெலிவைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர் ஒரு தூறலையும் பார்க்காமல் வைவாவுக்கு வந்து நிற்கிறார். கணினி உருவகத்தைத் தவிர அவருக்கு வேறு கதி இல்லை. மூன்றாம் ஆண்டு முடிந்த கையோடு, ஜூனிலேயே தலைப்பைக் கொடுங்கள். தென்மேற்குப் பருவத்தின் மாலை மழையும் வடகிழக்கின் அடைமழையும் சேர்ந்து கையில் இருக்கும். டிஷ்ஷையும் மானியையும் புராஜெக்டின் சொத்தாக வைக்காமல் துறையின் சொத்தாக வையுங்கள். முந்தைய பேட்ச் எந்த நாளில் எதை மாற்றியது என்ற நோட்டு அடுத்த பேட்ச் கைக்குப் போகட்டும். அந்த நோட்டுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

காட்பாடியில் ஒன்று, ஆற்காடு பக்கம் ஒன்று, திருப்பத்தூரில் ஒன்று, முடிந்தால் ஏலகிரி மேல் ஒன்று என்று இருந்தால், ஓர் இடத்தில் கொட்டும் நேரத்தில் மற்ற இடத்தில் எப்படி என்று தெரியவரும். ஒரு இணைப்பு விழுந்தால் எந்தத் திசையில் மாற்றுப் பாதை வைப்பது என்பதற்கு அது தவிர வேறு பதில் இல்லை. நமக்கு நேர் வடக்கே, பறக்கும் தூரத்தில் சுமார் 60 கிலோமீட்டரில், ஆந்திராவின் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடாரோடு இருக்கிறது. மழைத்துளியின் அளவைப் பற்றியும் அங்கே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கையில் ஓராண்டுப் பதிவோடு போனால் பேச்சுக்கு ஒரு பொருள் இருக்கும்.

கோப்பின் வடிவம் இப்போதே ஒன்றாக இருக்கட்டும். இந்திய நேரம் நொடியோடு, சிக்னல் திறன், வெற்றிடத் திறன், எல்.என்.பி. வெப்பநிலை, பேட்டரி வோல்ட், தனிக் கோப்பில் மழைக் கவிழ்ப்பு நேரங்கள். பதிவு இல்லாத நேரத்தைப் பூஜ்யம் என்று எழுதாமல் காலியாக விடுங்கள். பூஜ்யம் என்றால் மழை இல்லை என்று பொருளாகிவிடும்.

டிஷ் சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த மீட்டர் வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை, மார்ச் நடுவில் முற்பகல் 11.15-ஐ ஒட்டியும், செப்டம்பர் 28, 29 வாக்கில் 11 மணிக்குச் சற்று முன்பும், சூரியன் வேலூருக்கும் ஜிசாட்-15-க்கும் நேர்கோட்டில் செயற்கைக்கோளுக்குப் பின்னால் கடந்துபோகும். வெற்றிடத் திறன் சில நிமிடங்களுக்குக் குன்றுபோல் எழுந்து இறங்கும். குன்றின் உச்சி கணக்கிட்ட நேரத்துக்கு 4 நிமிடம் முந்தியோ பிந்தியோ வந்தால் டிஷ் ஒரு பாகை தள்ளி இருக்கிறது. இந்த ஜூனில் வேலையைத் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் டிஷ் நிமிர்ந்து, பதிவு ஓடிக்கொண்டிருக்கும். அன்று காலை பத்தரை மணிக்கு அறையில் யாராவது ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
நுண்ணலை இணைப்புகளோடு வேலை செய்யும் சிலர்,
வேலூர்